மெய்ப்பாடும் நிழற்படமும்

1943ஆம் ஆண்டில் ஈழநாட்டிலே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு முயற்சிகள் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று சுன்னாகத்தில் நிகழ்ந்தது. ஈழகேசரி அதிபர் நா. பொன்னையா அவர்கள், தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் பின்னான்கியலைப் பேராசிரியர் உரையோடும், புன்னாலைக்கட்டுவன் வித்துவான் சி. கணேசையர் அவர்கள் வரைந்த குறிப்புகளோடும், தமது திருமகள் அழுத்தகத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அந்நான்கு இயல்களுள் முதலாவது மெய்ப்பாட்டியல். மனத்திலே நிகழ்வது உடம்பிலே எவ்வாறு தோன்றும் என்பதை எடுத்துரைப்பது அது. மற்றைய முயற்சி கொழும்பிலே, கில்ட்போட் கிறசன்ற் வீதியிலிருந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓவியர் சிலர் அங்கே கூடி, '43 குழு' எனப் பின்னர் பெயர்பெற்ற கலைக் கூட்டத்தை அமைத்தனர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் முதலியோர் அக்குழுவைச் சார்ந்தவர். இல்லத்துக்குரியவர் லயனல் வென்ற் என்பவர். அவர் தூரிகை பிடித்தவர் அல்லர். கமராவின் வழியே மனித உடம்பைப் பேசவைத்தவர்.

மொழியாலும் பயிற்சியாலும் வெவ்வேறான இரு உலகங்கள் இவை. எனினும், சுன்னாகத்தில் அச்சேறிய இலக்கணத்தைக் கைக்கொண்டு கொழும்பிலே தோன்றிய படங்களை நோக்குதல் பயனுடைய செயலாகும். சொல்லின்றி உடம்பு பேசும் பேச்சை நிழற்படம் எவ்வளவுக்கு எடுத்துக் கூறவல்லது, எவ்விடத்தில் அது ஊமையாகிறது என்பன அப்பொழுது புலப்படும்.

மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என வகுத்தார். ஆகவே நிலைக்களன்கள் முப்பத்திரண்டாயின. அச்சம் என்பது தெய்வம், விலங்கு, கள்வர், தம்மிறை என்னும் நான்கின் வாயிலாகத் தோன்றும். பெருமிதத்துக்குக் கல்வியும் வீரமும் புகழும் கொடையும் வாயில்கள். அழுகையோ பிறரால் இகழப்பட்டமையாலும், இழந்தமையாலும், தன்னிலை தாழ்ந்தமையாலும், வறுமையாலும் வரும். உரையாசிரியர் இளம்பூரணர் இங்கே நுட்பமான கருத்தொன்றைக் கூறுகிறார். அஞ்சியவன்பால் உண்டாகிய அச்சம் அவன் உள்ளத்தோடு அமையாது, உடல்வழிப் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது அவர் கொள்கை. எனவே மெய்ப்பாட்டுக்குக் காண்போன் ஒருவனும் வேண்டும். அவனும் யாரேனும் ஒருவனாய் இருத்தல் போதாது. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரும் ஆற்றல் அவனுக்கு வேண்டும் என்று இயலின் முடிவிலே தொல்காப்பியர் வரையறுத்தார். கமரா தோன்றுவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே, படம் பார்ப்போனுக்குரிய இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

கூத்துநூலார் இதனை மேலும் விரித்தனர். சிலப்பதிகார அரங்கேற்றுகாதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், ஒற்றைக்கை முப்பத்து மூன்றும் இரட்டைக்கை பதினைந்தும் கூறி, கைகளை எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என மூன்றாகவும் பகுத்தார். அழகு தோன்ற நிற்பது எழிற்கை. தொழிலைக் காட்டுவது தொழிற்கை. பொருளை உணர்த்துவது பொருட்கை. ஆடும் உடம்பைக் கல்லிலே நிறுத்திய முயற்சியும் தமிழ்நாட்டில் உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மேல்தளத்தில் நூற்றெட்டுக் கரணங்களுள் எண்பத்தொன்று செதுக்கப்பட்டன. எஞ்சிய இருபத்தேழுக்கும் உரிய கற்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. தில்லைக் கோபுர வாயில்களில் நூற்றெட்டும் உள. ஓடும் அசைவிலிருந்து ஒரு கணத்தைப் பிரித்து நிறுத்துவதே நிழற்படத்தின் தொழில் என்பர். அத்தொழிலைச் சிற்பி உளியினாற் செய்தான். ஆனால் அவன் நிறுத்தியது தான் கண்ட ஒருவனுடைய கணத்தை அன்று, ஆடுவோர் யாவர்க்கும் பொதுவான நிலையை.

நிழற்படக் கலை 1839இல் ஐரோப்பாவிற் பிறந்து, சில ஆண்டுகளுள்ளே கீழைநாடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அது வந்த முறை நம்மவர் உடம்பைப் பேசவைக்கும் முறையாக இருக்கவில்லை. 1869இல் இங்கிலாந்தின் அறிஞர் ஹக்ஸ்லி, பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட இனங்களை ஆடையின்றி, அளவுகோல் அருகே இருக்க, முன்னும் பக்கமுமாகப் படமெடுத்து அனுப்புமாறு குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் வாயிலாக வேண்டுகோள் விடுத்தார். எலும்பின் நீளத்தை அறிவதே அங்கு நோக்கம். இலங்கையிலே ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய நிலையங்கள் பிரயாணிகளுக்கு விற்ற படங்களில் அளவுகோல் இல்லை. எனினும், 'தமிழ்ப் பெண்', 'சிங்களவர்', 'கூலியாள்' என்னும் குறிப்புகளோடு விற்கப்பட்ட அவ்வகைப் படங்களில் மனிதர் ஓர் இனத்தின் மாதிரியாகவே நின்றனர். அத்தகைய படங்களை மெய்ப்பாட்டியல் கற்றவர் ஒருவர் காண்பாராயின், படமெடுத்தவர் கருதாத ஒன்றை அவற்றிற் காண்பார். விறைத்த தோள், உடம்போடு ஒட்டிய கை, கமராவை நோக்கியும் நோக்காத கண் என்பன அங்கே உள. தம்மிறை பற்றிப் பிறக்கும் அச்சம் என்று தொல்காப்பியர் கூறியதற்கு அவற்றினும் பொருத்தமான எடுத்துக்காட்டுத் தேடுதல் அரிது. நெடுநேரம் அசையாது நிற்கவேண்டிய அக்காலக் கமராவின் கட்டாயமும் அவ்விறைப்புக்கு ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. ஆயினும் துரைமாரின் படங்களில் உடம்பு சாய்ந்தும் கால் மடக்கியும் இருத்தலைக் காண்கையில் அக்காரணம் ஒன்றே போதாதென்பது விளங்கும்.

அக்காலத்திலேயே வேறொரு கண்ணும் இலங்கைக்கு வந்தது. கோல்புறூக்கோடு சேர்ந்து இலங்கையின் அரசியற் சீர்திருத்தத்துக்கு விதந்துரைகள் வழங்கிய சாள்ஸ் கமெரனின் மனைவியாராகிய ஜூலியா மார்கரெற் கமெரன் அம்மையார், நாற்பத்தெட்டாம் வயதிலே கமராவைக் கையிலெடுத்து, இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் முதலியோரைப் படமாக்கிப் புகழ் பெற்றவர். அவர் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். களுத்துறையிலிருந்த காலத்தில் அயலிலிருந்த எளிய மக்களைப் படமெடுத்தார். 1877இல் அங்கு சென்ற ஓவியர் மரியான் நோர்த் அம்மையாரையும் அவர் சால்வை போர்த்தி நிறுத்திப் படமெடுத்தார். இலங்கையில் அவரெடுத்த படங்களுட் சிலவே இன்று எஞ்சியுள்ளன. களுத்துறைக் குடியானவர் குழுவைக் காட்டும் 1878ஆம் ஆண்டுப் படம் அவற்றுளொன்று. அதிலே உள்ளவர்க்கு ஒரு கம்பீரம் உண்டு. மாதிரிப் பொருளாக அவர்கள் நிற்கவில்லை. எனினும் அவர்களின் பெயர் படத்தில் இல்லை. டெனிசனின் பெயர் உண்டு.

டார்வினைக் குறிப்பிட்டமையால் ஒன்று கூறுதல் தகும். மனிதரும் விலங்குகளும் உள்ளுணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை பற்றி 1872இல் அவர் வெளியிட்ட நூல், நிழற்படங்களைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்ட முதல் அறிவியல் நூல்களுள் ஒன்று. உலகின் பல பாகங்களுக்கும் வினாக்களை அனுப்பி விடை பெற்றார். இலங்கையும் அவற்றுட் சேரும். முகக்குறிப்பு மாந்தர்க்கெல்லாம் பொது என்பது அவர் கண்ட முடிவு. தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளும் எல்லா மாந்தர்க்கும் உரியனவாகவே கூறப்பட்டன. ஆனால் அவர் தேடியது நிலைக்களனை, டார்வின் தேடியது தசையின் அசைவை.

உடம்பின் மொழியை மேனாட்டார்க்கு விளக்கும் பணியை மேற்கொண்டவர், யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடியின் வழிவந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள். சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணி ஒருவருக்கும் மகனாக 1877இல் கொழும்பிற் பிறந்தவர்; இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர்; நிலநூல் கற்று, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக வந்து, கற்களைத் தேடிச் சென்ற ஊர்களிலே கலைகளைக் கண்டவர். 1908இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலுக்கு அவர் மனைவியார் எதெல் அம்மையார் எடுத்த நிழற்படங்கள் உறுதுணையாயின. 1917இல், ஆந்திர தேசத்துத் துக்கிரால கோபாலகிருஷ்ணையாவுடன் சேர்ந்து, நந்திகேசுவரரின் அபிநயதர்ப்பணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆடுவோன் தன் மனம்போன போக்கில் அசைவதில்லை, பயின்று பெற்ற விதியின்படியே கையும் கண்ணும் அசையும் என்பதை அந்நூலின் முன்னுரையில் அவர் வற்புறுத்தினார்.

அவ்வாண்டிலேயே அவர் பொஸ்ரன் நகரத்து நுண்கலை அரும்பொருட்சாலையில் இந்தியப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். அங்கிருந்து அவர் செய்த செயலொன்று நம்மவருட் பலர் அறியாதது. அமெரிக்க நிழற்படக் கலைஞர் அல்பிரட் ஸ்டீக்லிற்ஸ் என்பவரின் இருபத்தேழு படங்கள், 1924இல் குமாரசுவாமியின் முயற்சியால் அவ்வரும்பொருட்சாலையில் ஏற்கப்பட்டன. நிழற்படம் ஓவியத்துக்குச் சமமாகப் பேரரும்பொருட்சாலை ஒன்றிற் புகுந்தமை அமெரிக்காவிலே அதுவே முதன்முறை என்பர். ஸ்டீக்லிற்ஸ் 1917 முதலாகப் பல்லாண்டு ஜோர்ஜியா ஓகீவ் என்னும் ஓவியரை முந்நூற்றுக்கும் மேற்பட்ட தடவை படமெடுத்தவர். அவற்றுட் பலவற்றில் முகமே இல்லை. கைகள் மாத்திரம் உள்ளன. விரல்கள் நெளிந்தும் குவிந்தும் ஊசி பிடித்தும் நிற்கின்றன. கைகளைக் கொண்டே ஒருவரின் உருவப்படத்தை முடிக்கலாம் என்பது அவர் துணிபு. அபிநயக் கைகளை மொழிபெயர்த்த ஒருவரே அக்கலைஞரின் படங்களை ஏற்கச் செய்தவர் என்பது சிந்திக்கத்தக்கது. இருவர் கொள்கைக்கும் இடையே பேதமும் உண்டு. ஓகீவின் கை ஒருத்தியின் கை. வேறெவரும் அதனைக் காட்டல் இயலாது. அபிநயக் கை ஆடுவோர் எவர்க்கும் உரியது.

இவ்விரு கைகளும் ஒரே கமராவுக்குள் வந்து சேர்ந்தவிடம் லயனல் வென்ற்றின் படங்கள்.

வென்ற் 1900இல் கொழும்பிலே பறங்கியர் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் உயர்நீதிமன்ற நீதியரசர். அவரும் நிழற்படப் பயிற்சியில் விருப்புடையவர். மகன் இலண்டனிற் சட்டமும் பியானோவும் கற்று 1924இல் மீண்டார். வழக்கறிஞர் தொழிலை விரைவிலே கைவிட்டார். பியானோவை விடவில்லை, முப்பதுகளிற் கமராவையும் சேர்த்துக் கொண்டார். 1934இல் இலங்கை நிழற்படச் சங்கம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்தோருள் அவரும் ஒருவர். 1938இல் இலண்டனில் அவருடைய படங்களின் தனிக்காட்சி நடைபெற்றது. 1944 டிசம்பரில், நாற்பத்து நான்காம் வயதில் இறந்தார். அவரது நெகற்றிவுகள் பின்னர் அழிக்கப்பட்டன. நண்பர்கள் தேர்ந்த படங்கள் 1950இல் இலண்டனில் நூலாக வெளிவந்திராவிடில், அவருடைய படைப்பைப் பலரும் அறிய வழியிராது. அவருடைய இல்லம் இருந்த இடத்தில் 1953 முதல் அவர் பெயரால் நாடக அரங்கம் ஒன்று விளங்குகின்றது.

அவர் எடுத்த உடம்புகளை அடியார்க்குநல்லாரின் பகுப்பின்படி நோக்குதல் தகும். மீன்பிடிப்போரும் உழவரும் சுமைதூக்குவோரும் தொழிற்கையினர். வலையை இழுக்கும்போது முதுகிலே எழும் தசைக்கோடுகள், சுமையின் கீழ்க் கழுத்து முன்னோக்கி நீளுதல் என்பவற்றை முகத்திலும் கூடுதலாகக் கவனித்தவர் வென்ற். உழைப்பவன் முகம் காட்டாதபோதும் அவன் களைப்பை முதுகு கூறும் என்பதை அவர் அறிந்திருந்தார். பொருட்கையினர் கண்டி நடனக்காரர். அழிந்துகொண்டிருந்த அக்கலையை ஊக்குவித்தவருள் வென்ற் முக்கியமானவர். 1934இல் பசில் றைற் என்பார் இலங்கையில் எடுத்த 'இலங்கைப் பாடல்' என்னும் திரைப்படத்துக்கு அவர் துணைநின்றதோடு, 1681இல் அச்சான றொபேட் நொக்ஸின் நூற்பகுதிகளைத் தம் குரலில் வாசித்தும் உதவினார். அப்படத்திலே நித்தவெல குணயா, உக்குவா ஆகிய ஆட்டக்காரர் தோன்றுகின்றனர்.

எழிற்கையே அவர் படங்களில் வாதத்துக்கு உரியது. இளைஞரின் வெற்றுடம்பை அவர் பலமுறை படமெடுத்தார். ஒளியைப் பக்கத்திலிருந்து விழச்செய்து, தோலைச் சிற்பத்தின் கல்லைப்போல ஆக்கினார். சில படங்களில், மீண்டும் ஒளியூட்டி, உடம்பின் விளிம்பிற் கருங்கோடு தோன்றச் செய்தார். உடம்பு திரும்பியோ முகம் நிழலுக்குள்ளோ இருக்கும். ஆடவர்மீது ஆடவர் கொள்ளும் நாட்டத்தை இப்படங்களிற் காண்கின்றனர் இக்கால ஆய்வாளர் பலர். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அத்தகைய உறவைக் குற்றமாக்கியிருந்தது. அச்சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒருவர் வாயினாலும் எழுத்தினாலும் கூறவியலாத ஒன்றை ஒளியினாலும் நிழலினாலும் கூறியிருத்தல் கூடும். அவ்வாறாயின், சொல்லுக்குப் பதிலாக உடம்பு பேசுதல் என்பது இங்கே கலைக்கொள்கை மாத்திரமன்று, வேறு வழியற்ற ஒருவரின் ஒரே மொழியுமாகும். இதனை ஒழுக்கக்கேடென்று தள்ளிவிடுவோர், கோயிற் சிற்பங்களின் முன் எவ்வாறு நிற்கின்றனர் என்று கேட்பது முறையே.

வேறொரு வினா இதனினும் கடினமானது. அங்கே பேசுவது யாருடைய உள்ளம்? இளம்பூரணர் கூறியபடி அஞ்சியவனுடைய அச்சமே அவன் மெய்யிற் படவேண்டும். வென்ற்றின் படத்தில் நிற்கும் இளைஞன் வறியவன். நீதியரசர் மகனின் கமரா முன் அவன் நிற்கின்றான். அவன் உடம்பில் தோன்றுவது அவனுடைய உவகையா, படமெடுத்தவருடைய வேட்கையா, அன்றிக் கூலி பெறுவோனின் பொறுமையா? படம் விடைகூறாது. நிழற்படத்தின் குறை இவ்விடத்தே வெளிப்படுகின்றது. அது மெய்ப்பாட்டைக் காட்டும், நிலைக்களனைக் காட்டாது. கண்ணீர் படத்தில் விழும்; அது இழவினால் வந்ததோ வறுமையினால் வந்ததோ பிறர் இகழ்ந்தமையால் வந்ததோ என்பதைக் கண்ணீர் கூறாது. உவகையிலும் கண்ணீர் உண்டு. நாடகத்திலும் செய்யுளிலும் முன்னிகழ்ச்சி தெரிதலால் காண்போன் மயங்குவதில்லை. நிழற்படமோ முன்னும் பின்னும் வெட்டப்பட்ட கணம். ஸ்டீக்லிற்ஸ் ஒருத்தியையே முந்நூறு தடவை படமெடுத்தமைக்கு இக்குறையை அவர் உணர்ந்தமையே காரணம்போலும். வென்ற்றின் இளைஞரோ பெரும்பாலும் ஓரிரு படங்களோடு மறைகின்றனர். குணயாவும் உக்குவாவும் கலைஞராதலாற் பெயர் பெற்றனர். வலையிழுத்தவனும் நிழலில் நின்றவனும் பெயரின்றியே நூலேறினர். ஹக்ஸ்லியின் அளவுகோல் நீங்கிற்று, பெயரின்மை நீங்கவில்லை. வென்ற்றைப் பழித்தற்கு இது கூறப்படவில்லை. அவரளவுக்கு இந்நாட்டு எளியோரின் உடம்பை மதித்து நோக்கிய கமராக்காரர் அக்காலத்தில் அரியர்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலைமை நேர்மாறாக இருந்தது. விறாந்தைச் சுவரிலே தொங்கிய படங்களில் யாவர்க்கும் பெயர் உண்டு, உடம்புதான் வாய்திறவாது. தகப்பனார் கதிரையில் இரு கைகளையும் தொடைமேல் வைத்திருப்பார். தாயார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்து அருகில் நிற்பார். பிள்ளைகள் உயர வரிசைப்படி நிற்பர். படித்த மகனுக்கு மேசையும் அதன்மேல் ஒரு புத்தகமும் வேண்டும். புத்தகம் நிலையத்துக்குரியது, பிள்ளை அதனை வாசித்திருக்க வேண்டுவதில்லை. கல்வி பற்றிய பெருமிதம் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியோர் உலகில் வேறு யார் உளர்! சாவீட்டிலும் படம் எடுக்கப்படும். பிரேதப் பெட்டியைச் சூழ உறவினர் நிற்பர். அழுதுகொண்டிருந்தவர்கள் கமராவுக்காக ஒரு கணம் அழுகையை அடக்கி நிமிர்வர். அடக்கிய அவ்வழுகை அவர்தம் தோள்களிலும், பெட்டியின் விளிம்பைப் பற்றிய விரல்களிலும் இருக்கும். எந்த நிலையத்தாரும் திட்டமிடாத மெய்ப்பாடு அது. எனினும் அதனைப் படித்தறிய அவ்வீட்டார்க்குத் தேவை இருக்கவில்லை; யார் இறந்தார், யார் அழுதார் என்பதை அவர்கள் அறிவர்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, சுன்னாகத்தாரும் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனர். சிலர் படச்சட்டத்தை உடைத்துப் படத்தை மாத்திரம் எடுத்துச் சென்றனர். பலர் சுவரிலேயே விட்டுச் சென்றனர். திரும்பி வந்தோர் வீட்டைக் கண்டனர். படங்களைக் காணாதார் பலர். எஞ்சிய படங்கள் கனடாவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளின் பெட்டிகளில் உள்ளன. அவற்றில் நிற்பவர்களின் பெயரைக் கூறக்கூடிய முதியோர் குறைந்து வருகின்றனர். இப்பொழுது அப்படங்களை எடுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு நிலைக்களனும் தெரியாது, பெயரும் தெரியாது. பெட்டியின் விளிம்பைப் பற்றிய ஒரு கை தெரியும். அக்கைக்கு உரியவள் மனைவியா, மகளா, தமக்கையா என்பதை அந்த விரல்களைக் கொண்டே அது அறியவேண்டியிருக்கின்றது.